கல்லைக் கடித்தேன், கழுவினேன், கவிழ்த்தேன்

எண்ணெய் வயல்ல ஜியாலஜி வேலைன்னா, ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே யாரும் பார்க்காத கல்லைப் பத்தி பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி அடிச்சுப் பேசணும். எண்ணெயை முதல்ல கண்டுபிடிக்கிறவங்க வேற ஆளுங்க. கண்டுபிடிச்ச வயல்ல அடுத்த கிணறு எங்கே தோண்டலாம்னு சொல்றதுதான் எங்க தலையெழுத்து. அவங்க பொண்ணு பார்த்துட்டுப் போயிடுவாங்க, நாங்க குடித்தனம் நடத்தணும்.

இதைக் கத்துக்க எங்க கம்பெனி எட்டு பேரை மூணு மாசம் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பழைய கட்டடத்துல அடைச்சது. கடைசி நாள் பரீட்சை. ஒரு வயலைக் கொடுப்பாங்க, கிணத்துக்கு இடம் சொல்லணும். தேறலைன்னா, ரெண்டு வருஷமா எந்த ஃபைல் செக்‌ஷன்ல பழைய பேப்பரை ஸ்கேன் பண்ணிக்கிட்டு இருந்தேனோ அங்கேயே திரும்பிப் போகணும். எம்.எஸ்சி. படிச்சது இதுக்காடின்னு தினமும் என்னையே திட்டிக்கிட்ட இடம் அது. ட்ரெயினிங்னு பேர் வெச்சு எங்கேயாவது மாட்டி முழிச்ச சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

பால்கனியில் பாடம்

எங்க வாத்தியார் ராகவன் சார், எண்ணெய் வயல்லயே தலை நரைச்சவர். முதல் வாரமே ஒரு கல்லுத் துணுக்கை வாயில போட்டு முன் பல்லால நறநறன்னு கடிச்சார். பல்லுல நெருடினா வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்கினா களிமண். உலகம் பூரா எங்க ஆளுங்க இப்படித்தான் பார்க்கிறாங்களாம். எனக்கு எல்லாமே ஒரே ருசியா இருந்துச்சு.

சரி, வீட்டுல பழகலாம்னு செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில காய்ஞ்ச மண்ணுக்கட்டி ரெண்டு எடுத்துட்டு வந்து, பால்கனியில உக்காந்து கடிச்சுக்கிட்டு இருந்தேன். துணி காயப்போட வந்த அம்மா பக்கெட்டைக் கீழே போட்டுட்டாங்க. எதிர் ஃபிளாட் ஜன்னலை ஒரு தடவை பார்த்தாங்க, சிலுவை போட்டுக்கிட்டாங்க, குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க: "அடியே ஸ்டெல்லா, கல்யாணம் ஆகாத பொண்ணு மண்ணு தின்னா ஊரு என்னடி நினைக்கும்? முதல்ல உள்ள வா!"

நாலு இடத்துல நாசம்

பூமிக்கு அடியில எங்கே மேடு, எங்கே பள்ளம்னு கோடு போட்டுக் காட்டணும். ஒரே ஆழத்துல இருக்கிற இடங்களை எல்லாம் ஒரு கோடு சேர்க்கும். ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டவே கூடாது. நாள் பூரா அழிச்சு அழிச்சு நான் போட்ட மேப்புல நாலு இடத்துல வெட்டிக்கிச்சு. சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டினார். "சிக்குக் கோலம் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. இப்ப மேப்பைக் காட்டுங்க."

மாமா வீட்டு போர்

முத்தாபுதுப்பேட்டையில பெஞ்சமின் மாமா வீடு கட்ட ஆரம்பிச்சார். "நம்ம பொண்ணே பூமிக்குள்ள படிச்சவ, வெளியாளு எதுக்கு?"ன்னு தண்ணிக்கு போர் போட என்னைத்தான் இடம் காட்டச் சொன்னார். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்குதா? காம்பவுண்டு மூலையைக் காட்டினேன். சாயங்காலம் வரைக்கும் லாரி உறுமுச்சு, புழுதிதான் வந்துச்சு. மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார். போர் லாரிக்காரர் தலையில இருந்த மண்ணைத் தட்டிக்கிட்டே சொன்னார்: "இன்னா மேடம், எண்ணெய்க்குப் படிச்சுகினு தண்ணிக்கு இடம் காட்டினு கீற? எங்க அண்ணாத்தே உள்ளங்கையில ஒரு தேங்கா வெச்சுகினு நடப்பாரு, தண்ணி கீற எடத்துல அது தானா எழுந்து நிக்கும். அந்தத் தேங்காயாண்ட போய் நீ டியூசன் படி."

ஒரு பெட்டிக் கல்

பரீட்சைக்கு முந்தின நாள், பரீட்சைக்கு வரப்போற வயல்ல இருந்தே நிஜமான கோர் வந்துச்சு. கிணறு தோண்டும்போது பூமிக்குள்ள இருந்து உருளையா வெட்டி எடுக்கிற கல் அது. மேல, கீழ வரிசை மாறாம பெட்டியில அடுக்கியிருப்பாங்க. எது மேல்னு தெரிய கல்லு மேலேயே கோடும் போட்டிருப்பாங்க. இந்தப் பெட்டியில கோடெல்லாம் எப்பவோ அழிஞ்சிருந்துச்சு. சாருக்கும் இந்தக் கல் புதுசு. நான் ஒரு போட்டோ எடுத்துட்டு, துண்டு துண்டாக் கழுவித் திரும்ப அடுக்கினேன்.

மத்தியானம் சார் அந்தப் பெட்டி முன்னாடி நின்னு ஒரு மணி நேரம் பிச்சு உதறினார். மணல் கீழே சன்னம், மேலே போகப் போகப் பருமன், அதனால இது ஆறு கடல்ல கலக்கிற முகத்துவாரம், மணல் விசிறியாப் பரவியிருக்கும். எல்லாரும் எழுதிக்கிட்டோம். சாயங்காலம் அண்ணனூர் போற ரயில்ல போட்டோவைத் திறந்தேன். அதுல கீழேதான் பருமன், மேலே சன்னம்! அப்படின்னா அது ஆத்துப் படுகை, மணல் நீளமா ஒரே திசையில ஓடும், கிணறே வேற பக்கம் போகணும். கழுவிட்டு நான் தப்பு முனையில இருந்து அடுக்கியிருக்கேன். கோர் வரிசையைக் கலைச்சவங்க அன்னிக்கே மூட்டையைக் கட்டலாம்னு சார் முதல்லயே சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில பெட்டி தூக்கிட்டு வர்ற ஸ்டோர் ஏழுமலை அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன். அவர் சுத்தும் முத்தும் பார்த்தார். "கம்முனு இரு தங்கச்சி. கல்லு இன்னா வாயத் தொறந்து சொல்லவா போவுது?"

பரீட்சை

ஏழு பேரும் முகத்துவாரத்தை நம்பி ஒரே பக்கம் கிணறு வெச்சாங்க. சார் தலையாட்டிக்கிட்டே வந்தார். கடைசி ஆள் நான். நானும் அங்கேயே வெச்சா தேறிடுவேன். ஆனா தப்புன்னு தெரிஞ்ச இடத்துல புள்ளி வெக்க கை வரலை. பயத்துல அழுகையே வந்துடுச்சு. எதிர்ப்பக்கம் வெச்சுட்டு, போனை நீட்டி, "சார், கல்லைக் கவிழ்த்தது நான்தான்"னு ஒரே மூச்சுல சொன்னேன். ஆதாரமும் நானே, குற்றவாளியும் நானே.

சார் போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அப்புறம் கம்பெனி ஒட்டி அனுப்பியிருந்த விடைக் கவரைப் பிரிச்சார். அந்த வயல்ல நிஜமா தோண்டி எண்ணெய் வந்த கிணறு நான் புள்ளி வெச்ச பக்கம்தான் இருந்துச்சு. சார் எங்க பக்கம் திரும்பினார். "நேத்து நான் சொன்னதை எழுதினவங்க எல்லாம் நோட்டைத் தலைகீழாப் பிடிச்சுப் படிங்க, நாளைக்கு மறு பரீட்சை. ஸ்டெல்லா, நீங்க பாஸ். ஏழுமலை, இந்தம்மா இனிமே எந்தப் பெட்டி பக்கம் வந்தாலும் கையைக் கட்டிப் போடு."

பூமாதேவி பொறுமைசாலின்னு சொல்றாங்களே, எங்களை மாதிரி ஆளுங்க அவளுக்கு அர்த்தம் சொல்ல உக்காந்தா, வேற என்னதான் பண்ணுவா பாவம்!