சுவரில் என் முகம்

எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் இடத்தைக் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். ஏறி விளையாடும் மரச்சட்டம் உக்கிவிட்டதாம். என் மகன் ஒவ்வொரு மாலையும் அந்த வேலியில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்பான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜேர்மனியில், இந்த எசன் நகரத்தில் வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் இந்த நாட்டவரின் பொறுமை மட்டும் வரவில்லை. வட்டார சபைக் கூட்டம் ஒன்றையும் விடமாட்டேன். பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் எழுந்து கத்துவேன். என்னைக் கண்டாலே தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார்.

கடைசியில் வழிக்கு வந்தார்கள். புது ஊஞ்சல், புது ஏணி, பக்கத்துச் சுவரில் ஓர் ஓவியம். எல்லாவற்றையும் ஒரே தீர்மானமாக வைப்பதாகச் சொன்னார்கள். அக்கம்பக்கத்து ஆட்களையே ஆளளவில் வரையப் போவதாகச் சொல்லி, ஓவியர் என்னையும் படம் பிடித்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் மாதிரிப் படம் மின்னஞ்சலில் வந்தது. சுவரில் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஆட்களுக்குப் பூ என்றால் விருப்பம் என்று யாரோ ஓவியரான அந்த நல்ல மனுசிக்குச் சொல்லியிருக்க வேண்டும். என் முகத்தைச் சுற்றிச் செவ்வந்திப் பூவால் ஒரு வளையம் போட்டிருந்தார்.

எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. எங்கள் வீட்டில் மாலை போட்ட படம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. போன மாரியில் காலமான அப்பாவின் படம்.

"சும்மா படம்தானே அம்மா," என்றேன்.

"ஒரு படம் காணும் பிள்ளை, போதும்."

அம்மா அடுப்படிக்குப் போனார். சமைத்தார், எனக்குச் சோறு போட்டார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான். ஆனாலும் கண்ணாடி பார்த்துச் சீப்பால் தலை இழுக்கும்போது பூ வளையம்தான் கண்ணுக்குள் வந்தது. சபை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். படத்தை மாற்றினால் தீர்மானம் கோடை விடுமுறைக்குப் பிறகு தள்ளிப்போகலாம் என்றார்கள். கோடை முழுக்க வேலி! கத்திக் கத்தி வாங்கியதை நானே கெடுப்பதா?

கூட்டத்தில் ஒருவர் ஊஞ்சல் சங்கிலியைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் மணலுக்குள் வரும் நாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். "வேறு யாருக்காவது சொல்ல இருக்கிறதா?" என்று தலைவி கேட்டதும் எழும்பிவிட்டேன்.

"எங்களிடம் பூமாலைக்குள் முகம் இருந்தால் அவர் இறந்தவர். என் அப்பா அப்படித்தான் வீட்டில் இருக்கிறார். என் அம்மாவால் இன்னொன்றைப் பார்க்க முடியாது."

கத்த வரவில்லை. குரல் உடைந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

ஓவியர் சிவந்துபோனார். பூக்களை ஊஞ்சலுக்குக் கீழே புல்லில் வரையலாமா என்று மெல்லக் கேட்டார். தலைவி தீர்மானத்தை இன்னொரு முறை வாசித்துப் பார்த்தார். 'ஓர் ஓவியம்' என்று மட்டும்தான் இருந்தது. பூ எங்கே இருக்க வேண்டும் என்பது சபையின் வேலை இல்லை என்று சொல்லி வாக்கெடுப்புக்கு விட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

வேலி எடுத்த அன்று மகன் ஊஞ்சலுக்கு ஓடினான். அம்மா சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். என்ன சொல்லப்போகிறாரோ என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"வடிவாத்தான் கீறியிருக்கினம்," என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, கண்மைப் பென்சிலை எடுத்து, சுவரிலிருந்த என் கன்னத்தில் ஒரு கறுத்த பொட்டு வைத்தார்.

"அம்மா! இது நகரசபையின்ரை சுவர். கீற ஏலாது!"

"இவ்வளவு சனம் பாக்குமெல்லே. என்ரை பிள்ளைக்கு நாவூறு, கண்ணூறு படக்கூடாது."

மழை பெய்தால் அது கரைந்துபோகிறது. அடுத்தநாள் பார்த்தால் திரும்பவும் இருக்கிறது.