செல்வராணியின் ‘பாப்போம்’

அன்னவாசல் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் செல்வராணிக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாயே வராது. கடை வைத்திருப்பவள் வாயில் அந்தச் சொல் வந்தால் வியாபாரம் விளங்காது என்பது அவள் பிடிவாதம். மாவு தீர்ந்த பிறகு யாராவது வந்து தோசை கேட்டால், "நாளைக்கு வாங்கண்ணே" என்பாள். விசேஷத்துக்கு அண்டா கேட்டாலும், சீட்டுக்குச் சேரச் சொன்னாலும், மகளைப் பெண் கேட்டு வந்தாலும் ஒரே பதில்தான்: "பாப்போம்." அதற்கு என்ன பொருள் என்று ஊருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் முத்துராமனுக்குத்தான் தெரியவில்லை. பாவம், அந்த மனிதர் வருடக்கணக்காக நம்பிக்கையோடு வந்து தோசை சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

இந்தச் சொல் ஒருநாள் சொந்த வீட்டுக்குள்ளேயே வேலையைக் காட்டிவிட்டது.

மகள் பிரகதீஸ்வரி பிளஸ் டூ முடித்திருந்தாள். கூடப் படித்த பெண்கள் எல்லாம் புதுக்கோட்டையில் பி.காம். சேர, இவளுக்குத் திருச்சியில் ஒரு ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படிக்க ஆசை. ஹாஸ்டலில் தங்க வேண்டும். மலேசியாவில் ஓட்டல் வேலை பார்க்கும் அப்பா வெள்ளைச்சாமி, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று போனிலேயே கழன்றுகொண்டார். தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே எவ்வளவு சௌகரியம்!

"அம்மா, நான் திருச்சியில சேரட்டுமா?"

சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்த செல்வராணி, "பாப்போம்" என்றாள்.

பிள்ளை அதற்குமேல் கேட்காமல் இட்லித் தட்டுக் கழுவப் போய்விட்டாள். அது செல்வராணி மனதில் உறைக்கவும் இல்லை. அவளுக்கு வேறு கவலை. பையன்கள் நிறைந்த இடத்தில் பொம்பளைப் பிள்ளையை விடலாமா? ஹாஸ்டல் எப்படி இருக்கும்? கண்ணால் பார்க்காமல் எப்படி அனுப்புவது?

அடுத்த செவ்வாய்க்கிழமை, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று மகளிடமே பொய் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினாள். திருச்சிக்கு பஸ் ஏறினாள். ஐ.டி.ஐ. பட்டறையில் இரண்டு பெண்கள் ஒரு பழைய ஃபிரிட்ஜைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, கையெல்லாம் கறையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் பாதிக் கவலை போய்விட்டது. ஹாஸ்டலில் குழாயைத் திறந்து பார்த்தாள். கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். வார்டனம்மாவிடம் கேட்டுச் சாம்பாரையும் ருசி பார்த்தாள். தண்ணியாக இருந்தது. போகட்டும், அதை மட்டும் மன்னித்துவிடலாம் என்று முடிவு செய்தாள். சேருவதற்கு நாளைதான் கடைசி நாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வரும் வழியில் ஒரு வாளியும் ஒரு பூட்டும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பிரகதீஸ்வரி கேட்டாள், "எதுக்கும்மா புது வாளி?"

"ஒனக்குத்தான்டி. ஹாஸ்டலுக்கு."

பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "நான் பி.காம்.ல சேரப்போறேன்மா. காலையில காலேஜுக்குப் போயி டி.சி.யைக் குடுத்துட்டேன். நாளைக்கு ஒன்னைய வந்து கையெழுத்துப் போடச் சொன்னாங்க."

"ஏன்டி? நாந்தான் பாப்போம்னு சொன்னேன்ல?"

"ஆமாம்மா. அதான்."

செல்வராணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆசையை மனதுக்குள்ளேயே அமுக்கிக்கொண்டு, முகம் கோணாமல் இத்தனை நாளும் இட்லித் தட்டுக் கழுவியிருக்கிறாளே இந்தப் பிள்ளை! சத்தம் போட வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"நான் நெசமாவே பாக்கத்தான்டி போனேன். விசேஷம் எல்லாம் ஒண்ணுமில்ல. திருச்சிக்குத்தான் போயிட்டு வாரேன்" என்றாள். பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. "கடைக்கு வாரவங்ககிட்டச் சொல்றதையே பெத்த புள்ளைகிட்டயும் சொல்லிப்புட்டேன். நீ என்ன பண்ணுவ?"

பிரகதீஸ்வரி புது வாளியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப... நான் சேரட்டுமா?"

"சேரு."

பிள்ளை நம்பாமல் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான். காலையில காலேஜு தொறந்ததும் டி.சி.யைத் திருப்பி வாங்குறோம். அப்படியே திருச்சிக்கு பஸ் ஏறுறோம்."

"கடை?"

"அது கெடக்குது."

பிரகதீஸ்வரி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லும்மா."

"சேரு, ஆத்தா" என்றாள் செல்வராணி. "சேரு."