எறியாத பந்து

அமெரிக்கன் புட்போலில் ஆட்டத்தை நடத்துகிறவரை குவாட்டர்பக் என்பார்கள். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் புதிதாகச் சேர்த்த பெண்கள் அணிக்கு குவாட்டர்பக்காக நின்றவள் குணேஸ்வரி. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணித் தலைவி. அகதியாக வந்தும் கை சும்மா இருக்கவில்லை.

"பெண்பிள்ளையள் இடிபட்டு விழுகிற விளையாட்டோ?" என்று பக்கத்து வீட்டுக் கமலாம்பிகை அக்கா வாயில் கை வைத்தார்.

"ஓம் அக்கா, ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கோவன்."

பயிற்சியாளர் கிறிஸ்தோப்பர் அமெரிக்கப் படையில் இருந்தவர். ஜெர்மன்காரியை மணந்து இங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு ஒப்ஷன் ஆட்டம்தான் உயிர்.

"எதிரணியில் ஓரமாக நிற்கிறவளை யாரும் தடுக்காதீர்கள். அவள் உன்மேல் பாய்ந்தால் பக்கத்தில் ஓடிவரும் பிர்கிட்டிடம் எறி. பிர்கிட்டிடம் போனால் நீயே ஓடு. அவள் எதைச் செய்தாலும் பிழையாய்த்தான் முடியும்."

குணேஸ்வரிக்கு அதில் மனம் ஒட்டவில்லை. அணி முழுக்க இடப்பக்கம் ஓட, பந்து மட்டும் வலப்பக்கம் போகிற ஏமாற்று ஆட்டம்தான் அவளுக்குப் பிடித்தது.

"இதில் முடிவு முதலே எடுத்தாயிற்று. ஓடுகிற ஓட்டத்தில் யோசிக்கத் தேவையில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் போதும்" என்று தனக்குத் தெரிந்த டொச் மொழியில் வாதாடினாள்.

"பொய்யை நம்பவும் ஆள் வேண்டும்" என்றார் அவர். ஆனாலும் விட்டுக்கொடுத்தார்.

ஞாயிறு முதற் பாதியில் அவள் சொன்னதே நடந்தது. எதிரணி இடப்பக்கம் அள்ளுப்பட்டு ஓட, பிர்கிட் வலப்பக்கத்தால் தனியாகப் போய்க் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தாள். இரண்டாம் பாதியில் எதிரணிக்கு விளங்கிவிட்டது. ஒருத்தியும் அசையாமல் நின்ற இடத்திலேயே காத்திருந்தார்கள். பிர்கிட் பந்தோடு அவர்களுடைய கைக்குள்ளேயே போய் விழுந்தாள். அதற்குள் அவர்களும் புள்ளி எடுத்து ஆட்டத்தைச் சமப்படுத்திவிட்டார்கள்.

குணேஸ்வரி கிறிஸ்தோப்பரிடம் ஓடிவந்தாள்.

"இனி உங்கள் ஒப்ஷன். நான் பார்த்துக்கொள்கிறேன்."

பந்தை வாங்கி வலப்பக்கம் ஓடினாள். வெளிப்பக்கமாக பிர்கிட் கூடவே வந்தாள். ஓரத்தில் நின்ற நெட்டைப் பெண் இவளையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். குணேஸ்வரி எறியப்போகிறவள் போலக் கையை நீட்டினாள். நெட்டைப் பெண் அரை அடி பிர்கிட் பக்கம் சாய்ந்தாள். அவ்வளவுதான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குணேஸ்வரி பறந்தாள்.

"ஓடு பிள்ளை, ஓடு!" எதற்கு ஓடுகிறாள் என்று தெரியாமலே கமலாம்பிகை அக்கா கத்தினார்.

அந்தப் புள்ளியோடு வென்றார்கள்.

"உங்கள் ஒப்ஷனுக்குள் என் பொய்யையும் கொஞ்சம் கலந்தேன்" என்றாள் மூச்சு வாங்க.

"முதற் பாதியில் நீ ஏமாற்றியிராவிட்டால் அவள் அப்படித் தயங்கியிருக்க மாட்டாள்" என்றார் கிறிஸ்தோப்பர்.

அடுத்த வருசம், எண்பத்தொன்பதில், புதிதாகச் சேர்ந்த பெண்களைப் பழக்குகிற வேலையும் அவளிடம் வந்தது. இரண்டு ஆட்டத்தில் எது திறம் என்று அவர்கள் கேட்டால், "அங்காலே நிற்கிறவள் பாயத் துடிக்கிறாளோ, காத்து நிற்கிறாளோ, முதலில் அதைப் பாருங்கள்" என்பாள்.