பாலத்தில் முப்பத்து மூன்றாவது ஆள்

இந்த நீலகிரி மலையில் என்னைப் போல் கூர்மையான கண் எவனுக்கும் கிடையாது. எதிர்மலையில் ஊர்கிற அட்டையை இங்கிருந்தே காட்டுவேன். சரி, பொய். என் காலில் ஏறின அட்டையையே அது குடித்து முடித்து விழுந்த பிறகுதான் பார்ப்பேன். எழுதவும் தெரியாது, நான் சொல்ல, மருமகப்பிள்ளை எழுதுகிறார்.

வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தேன். சாயங்காலம் கொழுந்தை எடை போட்டதும் பெண்கள் ஓடைமேல் கிடக்கும் ஒற்றைப் பலகைப் பாலத்தைத் தாண்டி லயத்து வீடுகளுக்குப் போவார்கள். சிறுத்தை நடமாட்டம் உண்டு. அதனால் கரையில் நின்று தலைகளை எண்ணுவது என் வேலை. முப்பத்திரண்டு பேர்.

ஒரு மழைக்காலத்தில் அது முப்பத்து மூன்று ஆனது.

கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்தி வருவார்கள், முகம் தெரியாது. கடைசிப் பெண்ணுக்குப் பின்னால் இன்னொருத்தி வருவாள். அவளுக்கும் கம்பளி, அவளுக்கும் கூடை. ஆனால் அவள் கால் பலகையில் இருக்காது. ஒரு சாண் தள்ளி, மூடுபனிமேல் நடந்து வருவாள்.

யாரிடமும் சொல்லவில்லை. கண் கெட்டது என்றால் வேலை போகும். பேய் என்றால் ஒருத்தியும் அந்தப் பக்கம் வரமாட்டாள். கணக்குப்பிள்ளையிடம் தினமும் ஒன்றைக் கழித்துச் சொன்னேன். நான் கற்ற ஒரே கணக்கு அதுதான்.

ஒருநாள் எண்ணினேன், முப்பத்திரண்டு. எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, ஒழிந்தாள் என்று நிமிர்ந்தேன். கடைசிப் பெண்ணுக்குப் பின்னால், பலகைக்கு வெளியே, அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். அவளையும் சேர்த்துத்தான் முப்பத்திரண்டு.

"நில்லுங்க! ஒருத்தி வரல!"

"ஏனுங்க கங்காணி, முப்பத்திரெண்டுன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றார் கணக்குப்பிள்ளை.

"ஆமாங்க. அதனாலதான் ஒருத்தி கொறையுது."

"இன்னிக்கு நேரத்திலேயே ஏத்திக்கிட்டாருங்க" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நாளெல்லாம் சிரிக்க வைத்தவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

"என் கண்ணு கெட்டுப்போச்சுங்க. தெனமும் ஒண்ணு அதிகமாத் தெரியுது, இப்பவும் தெரிஞ்சுது. வேலையப் புடுங்கிக்கங்க. மொதல்ல ஆளைத் தேடுங்க!"

சிரிப்பு நின்றது. கம்பளிகளை விலக்கி ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "ஐயோ, மாசமா இருக்கற புள்ளயக் காணமே!"

மேல்காட்டில், தண்ணீர் வடிய வெட்டின கானுக்குள் கால் பிசகி மயங்கிக் கிடந்தாள். பக்கத்துச் சேற்றில் சிறுத்தையின் தடம், இன்னும் தண்ணீர்கூட ஊறவில்லை.

மறுநாள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் என் முகத்துக்கு நேரே தீக்குச்சி கிழித்தார்.

"ஒரு கண்ணைப் பொத்துங்க. எத்தனை தீ?"

"ரெண்டுங்க."

"அந்தக் கண்ணுல?"

"ஒண்ணரைங்க."

"புரைங்க. கண்ணுக்குள்ள தெளிவா இருக்க வேண்டியது பால் மாதிரி வெளுக்குது, அதான் ஒண்ணு ரெண்டாத் தெரியுது. வரிசையில ஒருத்தியோட நெழல் பின்னால வர்றவ மேல விழுந்து மறைஞ்சுரும். கடைசி ஆளுக்குப் பின்னால ஆருமில்ல, தனியாத் தெரியுது."

"அப்ப பேய் இல்லீங்களா?"

"புரை எடுக்கறேன்னு சந்தையில ஊசி வெச்சுக் கண்ணைக் குத்தறானே, அவங்கிட்டப் போயிராதீங்க. சீப்புடிச்சு இருக்கற பார்வையும் போயிரும். புரை பழுக்கட்டும், பெரியாசுபத்திரியில எடுத்துரலாம்."

ஊசிக்காரனுக்கு ஏற்கெனவே ஒரு சேவல் தருவதாகச் சொல்லியிருந்தேன். சேவல் பிழைத்தது.

ஆஸ்பத்திரியில் தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து மல்லாக்கப் போட்டார்கள். அசையக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கவும் கூடாது. கத்தியைவிடக் கடைசித் தண்டனைதான் வலித்தது. சோடாப்புட்டி அடிபோல ஒரு கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். துரை வேலையைப் பிடுங்கவில்லை.

திரும்பி வந்த முதல் சாயங்காலம் எண்ணினேன். முப்பத்திரண்டு. பலகைக்கு வெளியே வெறும் பனி. சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் முப்பத்திரண்டு என்றால் ஒருத்தி குறைகிறாள் என்றே மனசு சொன்னது. நிற்க வைத்து, கம்பளியை விலக்கச் சொல்லி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டேன், மனசு அடங்கவில்லை. தனியாக அந்தக் கானுக்குப் போனேன்.

"ஆராச்சும் இருக்கீங்களா?"

கேட்டுவிட்டு என்னை நினைத்து நானே சிரித்தேன். அப்போது என் காலடியில், கானுக்குள்ளிருந்து, நிதானமாக ஒரு பெண்குரல் கேட்டது.

"எல்லாரும் தாண்டியாச்சுங்களா?"

கண்ணைத்தானே அறுத்தார்கள், காதை இல்லையே. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தேன். உள்ளே—

"ஏனுங்க, கண்ணுக்கு மருந்து ஊத்தற நேரமாச்சு. வெளிச்சத்துக்கு வாங்க!"

ஊட்டுக்காரி கூப்பிடுகிறாள். மருந்தை மட்டும் நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. மாப்பிள்ளை, பேனாவை வைங்க. கையைப் புடிங்க.