மோட்டார் ரூம் கேமராவுல நான் பாத்தது

நீங்க சிரிப்பீங்கன்னு தெரியுமுங்க, சிரிச்சுக்குங்க, நானும் அப்படித்தான் சிரிச்சுட்டுத் திரிஞ்சேன். பேயி, ஜின்னு, முன்கூட்டியே தெரிஞ்சுதுன்னு எவனாச்சும் ஆரம்பிச்சா போதும், போய் வேலையப் பார்றான்னு வெரட்டி உட்ருவேன், எங்க அம்மா தாயத்து கட்டுன்னு கொண்டு வந்தப்பக்கூட சண்டை போட்டவன் நானு. சிங்காநல்லூர்ல கேமரா சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், பேரு சலீம். ஆனா கிணத்துக்கடவுல, பட்டப்பகல்ல, நான் கண்ணால பாத்தது நிசமுங்க. அல்லா மேல சத்தியமா.

அங்க தெய்வானை அக்கான்னு ஒருத்தங்க, வீட்டுக்காரர் தவறிப்போயிட்டாரு, தென்னந்தோப்புக்குள்ள தனி ஊடு. மகளை பவானியில கட்டிக் குடுத்திருக்குது. வீட்டுக்காரரோட தம்பி மயில்சாமிங்கறவனுக்கும் அக்காவுக்கும் கெணத்துல பங்குத் தகராறு. வேலிய பிடுங்கிப் போடறது, மோட்டார் வயரை அறுத்து உடறது, ஒரு தடவை எல்லார் முன்னாலயும் "உன்னைய வெட்டி இந்தக் கெணத்துலயே போடறேன் பாரு"ன்னு கத்தியிருக்கான். அதனாலதான் மக கேமரா மாட்டி, பவானியில இருந்தே அம்மா உசுரோட இருக்குதான்னு செல்போன்ல பாத்துட்டே இருந்துச்சு.

அந்தக் கேமராக்காரன் கம்பெனிய இழுத்து மூடிப்போட்டானுங்க. செல்போன்ல ஆப் செத்துப்போச்சு, படம் வரல. புதுசு வாங்கிக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அங்கதான் கோவம் வரும். கேமரா கல்லு மாதிரி நல்லா இருக்குது, கண்ணாடி சுத்தமா இருக்குது, எவனோ எங்கியோ உக்காந்துட்டு ஒரு பட்டனை அமுத்திட்டான்னு அதைத் தூக்கிக் குப்பையில போடோணுமா? நான் ஓட வைக்கறேனுங்க அக்கான்னு சொல்லிப்போட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு அவங்க ஊட்டுக்குப் போனேன்.

எங்க தொழில்ல ஒரு குறுக்கு வழி இருக்குது. செத்துப்போன சாப்ட்வேர் இன்னைக்குத் தேதியப் பாத்தா தெறக்காது, காலாவதி ஆயிடுச்சும்பான். அதனால இன்டர்நெட்டைப் புடுங்கிட்டு, கம்ப்யூட்டர் தேதியப் பின்னால தள்ளி, கம்பெனி உசுரோட இருந்த காலத்துக்குக் கொண்டு போயிருவோம். அது ஏமாந்து தெறந்துக்கும். அன்னைக்கும் அதேதான் பண்ணினேன், படம் வந்துருச்சு. வாசல், களம், வேலி, மோட்டார் ரூம். ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, அந்தக் கேமராவுல பதிஞ்சு வைக்கற வசதியே கிடையாது. இப்ப எதிர்ல நடக்கறதை மட்டுந்தான் காட்டும்.

மோட்டார் ரூம் படத்துல அக்கா தண்ணித் தொட்டிகிட்ட குனிஞ்சு நின்னுட்டு இருந்துச்சு. வேலிப் பக்கமிருந்து ஒரு ஆளு வந்தான், தலையில செவப்புத் துண்டு, கையில அருவா. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள ஓங்கி வெட்டினான். இடது தோள்ல. கை தொங்கிப்போச்சுங்க, எலும்பு தெரிஞ்சுது. அக்கா திரும்பறதுக்குள்ள ரெண்டாவது வெட்டு கழுத்துல. தொட்டித் தண்ணியெல்லாம் செவந்துபோச்சு. சத்தமே இல்லாம, என் மூஞ்சிக்கு முன்னால நடந்துச்சு. அவன் திரும்பினப்ப மூஞ்சி தெரிஞ்சுது, காலையில நான் வர்றப்ப வேலிகிட்ட மொறைச்சுட்டு நின்ன மயில்சாமி.

நான் கத்திட்டே ஓடினேன். கால்ல வயர் சிக்கி உழுந்து எந்திரிச்சு ஓடினேன். அங்க போய்ப் பாத்தா ஒண்ணுமே இல்லீங்க. தொட்டியில தெளிவா தண்ணி, பக்கத்துல ஒரு காக்கா. பின்னாடியே அக்கா மோர்ச் சொம்போட வருது, "ஏங் கண்ணு இப்படி ஓடறே, பாம்பு கீம்பு பாத்தியா"ன்னு.

நான் அழுதுட்டேன். தேதியப் பின்னால தள்ளினதுல எப்பவோ நடந்த பழசு தெரிஞ்சிருந்தாக்கூட மனசு சமாதானமாயிருக்கும். அக்கா உசுரோட எதிர்ல நிக்குதே, அப்ப அது நடந்தது இல்லியே. பாத்ததை அப்படியே சொன்னேன், ஆனா தோள்ல ஒரே வெட்டுன்னு மட்டும் சொன்னேன், கழுத்தைப் பத்திச் சொல்ல நாக்கு வரல. கதவைச் சாத்திட்டு இருங்க, போலீசுக்குச் சொல்லலாம்னு கெஞ்சினேன்.

அக்கா கேக்கோணுமே! "பங்காளிய மொதுகுக்குப் பின்னால சந்தேகப்படறது மொறையில்ல கண்ணு, எதுவா இருந்தாலும் நேரா கேட்டுப்போடோணும்"னு அவனுக்கே போன் பண்ணிருச்சு. என்ன மரியாதையாப் பேசுது தெரியுங்களா? "ஏனுங் தம்பி, நீங்க அருவா எடுத்துட்டு வர்ற மாதிரி கேமராவுல தெரியுதாமா, அப்படி ஏதும் ரோசனை இருக்குதுங்களா?" அந்தப்பக்கம் அவன் போட்ட கத்து எனக்கே கேட்டுச்சு. என்னைய கேமரா வெச்சு வேவு பாக்கறியாடீன்னு. அக்கா போனை வெச்சுட்டு, சும்மா கத்துவான், வர மாட்டான்னு சொல்லிட்டு, மோட்டாரை நிறுத்தோணும், தொட்டி வழியுதுன்னு போயிருச்சு.

டிரில் மிசினைத் தூக்கிட்டு பின்னாலயே போனேன். அக்கா குனிஞ்சு நிக்குது. வேலிப் பக்கம் சரசரன்னுச்சு. செவப்புத் துண்டு.

அவன் ஓங்கினான், நான் அக்காவத் தள்ளி உட்டேன், வெட்டு என் முன்னங்கையில எறங்குச்சு. சூடா ரத்தம் மூஞ்சியில அடிச்சுது. டிரில் மிசினால அவன் வாயிலயே அடிச்சேன், பல்லு தெறிச்சுது, அப்பவும் அருவாவ உடல நாயி. மறுபடி ஓங்கறான், அக்கா அங்க கெடந்த மம்முட்டிய எடுத்து அவன் முட்டியில போட்டுச்சு, படக்குன்னு எலும்பு ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சு. தொட்டியில உழுந்தான். நான் அவன் தலைய தண்ணிக்குள்ள அமுக்கிப் புடிச்சுட்டு அடிச்சேன், அடிச்சேன், என்னால நிறுத்தவே முடியல. "செத்துருவான், உட்ரு சாமி"ன்னு அக்கா என்னைய இழுத்துப் போட்டுச்சு. தோப்புல தேங்கா பறிச்சுட்டு இருந்த ஆளுங்க ஓடி வந்து அவனைக் கயித்துல கட்டினாங்க. தொட்டித் தண்ணி செவப்பா இருந்துச்சு, என் ரத்தமும் அவன் ரத்தமும்.

அவன் ஜெயிலுக்குப் போனான், எனக்குக் கை நெறையத் தையல். அக்கா மேல அருவா படவே இல்ல, ஒரு கீறல் கிடையாது, ஆஸ்பத்திரியில நானே பாத்தேன். இன்னைக்கும் நான் கொழம்பறது ஒண்ணுதான். அக்கா போன் பண்ணாம இருந்திருந்தா அவன் வந்திருப்பானா? நான் பாத்ததைச் சொல்லாம இருந்திருந்தா அக்கா போன் பண்ணியிருக்குமா? யோசிச்சா மண்டை வெடிச்சுரும்.

மக வந்து அக்காவ பவானிக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. போன கொஞ்ச நாள்லயே இடது கை தூக்க முடியலன்னு சொன்னாங்க. தோள்ல இருந்து அப்படியே தொங்குதாம். ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு, எலும்பு, நரம்பு எல்லாம் நல்லா இருக்குதுன்னு டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. பயத்துல வந்தது, சரியாயிரும்னு நானும் ஆறுதல் சொல்லிட்டு இருந்தேன்.

போன வாரம் அக்கா கூப்புட்டுச்சு. குரலே அடையாளம் தெரியல, காத்துதான் வருது, நடுவுல நடுவுல பேச்சு. "கண்ணு, அந்தப் படத்துல நீ பாத்தது ஒரே வெட்டுதானே?"

"ஆமாங்க அக்கா, ஒண்ணே ஒண்ணுதான்."

அப்பறம் கேட்டுச்சு, "தோள் போனது புரியுது. சோறு ஏன் கண்ணு முழுங்க முடியல?"