குத்துவிளக்குக்காக அணைத்த மெட்டல் ஹாலைட்

முதலில் சோக்கின் உறுமல் கேட்கும். அப்புறம் மேலே, கூரைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு பல்பாக ஊதா நிறத்தில் விழிக்கும்... மெல்லப் பச்சை கலக்கும். முழு வெள்ளைக்கு வர நாலைந்து நிமிஷம்.

டெல்லியில் ஒரு அரசுக் குடியிருப்பின் பேட்மின்டன் ஹால் அது. அப்போது நான் அதன் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. வாசல்கூட மிதிக்காதவன். பல்பு டப்பாவுக்குள் வரும் காகிதத்தை டிக்‌ஷனரி வைத்துப் படித்துத்தான் தொழில் கற்றேன்.

அந்த மெட்டல் ஹாலைட் பல்புக்குள் இழை கிடையாது. விரல் அளவு ஒரு குழாய், அதில் பாதரசம், கொஞ்சம் உலோக உப்பு, வாயு. இக்னைட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பொறி தாவும். அந்தச் சூட்டில் பாதரசமும் உப்பும் ஆவியாகி ஒளிவிடும். கரண்ட் எல்லை மீறாமல் சோக் பிடித்துக்கொள்ளும்.

ஒரே ஒரு குணம். சூடாக இருக்கும்போது அணைத்தால் உடனே எரியாது. உள்ளே அழுத்தம் அதிகம், பொறி தாவாது. ஆறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும்.

ஒரு வருஷம் பொங்கல் விழாவுக்குத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கோர்ட்டிலேயே மேடை போட்டோம். விழாச் செயலாளர் நடராஜன் சார், பி.இ. படித்தவர்; என் மேலதிகாரியும் அவர்தான்.

"முருகேசா, சீஃப் கெஸ்ட் குத்துவிளக்கு ஏத்தும்போது பெரிய லைட்டெல்லாம் அணைச்சிடு. போட்டோ அம்சமா வரும். ரெண்டு நிமிஷத்துல போட்டுக்கலாம்."

"வராது சார். ஆறினாத்தான் எரியும்."

"சுவிட்ச் போட்டா லைட் வராதா? எந்தக் காலேஜ்ல படிச்சே நீ?"

அவரே போய் பிரேக்கரை இறக்கினார்.

விளக்கு ஏற்றினார்கள். கைதட்டல். பிரேக்கரை ஏற்றினார்... ஒன்றும் இல்லை. மேலே இக்னைட்டர் மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

பின்வரிசையில் ஒரு குரல்: "ஊர்ல கரண்ட் கட்டுன்னுதான் டெல்லிக்கு வந்தோம். இங்கயுமாய்யா?"

சிரிப்பு. வாசல் காவலுக்கு நின்ற சௌகிதார் வேறு "அரே பையா, ஜல்தி கரோ!" என்று அவசரப்படுத்தினான்.

சார் பிரேக்கரை மேலும் கீழும் தட்டிக்கொண்டே இருந்தார். "ஏதாவது பண்ணுய்யா!"

"கையை எடுங்க சார். அதுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கோர்ட்டின் ஓரக்கோட்டில் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன்... சீஃப் கெஸ்ட் வாட்ச்சைப் பார்த்தார். சிறப்புரை ஆற்றாமலே கிளம்பிப் போனார். அவர் கார் கேட்டைத் தாண்டி வெகுநேரம் கழித்துத்தான் முதல் பல்பு ஊதா காட்டியது.

மறுநாள் காலை சார் ஒரு காகிதத்தை நீட்டினார். 'என் கவனக்குறைவால் விளக்குகள் எரியவில்லை, மன்னிக்கவும்.' டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார்.

"ஒரு கையெழுத்துதானே முருகேசா. போட்டா முடிஞ்சுது."

"அணைச்சது நீங்க. நான் எதுக்கு சார் போடணும்?"

போடவில்லை. வேலை போயிற்று. "போட்டுத் தொலைச்சா என்னவாம்?" என்று வீட்டுக்காரி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் எங்கெங்கோ வயரிங் வேலை பார்த்துக் காலம் ஓடிவிட்டது.

இந்த வருஷப் பொங்கலுக்கு அதே ஹாலுக்குப் போனேன். இப்போது முழுக்க எல்.இ.டி. உறுமல் இல்லை, ஊதா இல்லை. சாரும் வந்திருந்தார், கைத்தடியோடு. எல்லார் முன்னாலும் சுவிட்சை அணைத்துப் போட்டார். பளிச்.

"பாத்தியா? அன்னிக்கு உன் வயரிங்லதான் கோளாறு."

ஐ.டி. வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலு பேர் நின்றார்கள். பாதரசம், அழுத்தம், பொறி எல்லாம் விளக்கினேன். ஒரு பெண் சிரித்துவிட்டது. "லைட் எரியப் பதினஞ்சு நிமிஷமா? சும்மா சொல்லாதீங்க அங்கிள்!"

எல்.இ.டி. நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு ஹாலைட் பல்பையாவது கூரையில் விட்டுவைத்திருக்கலாம். ஏற்றி, அணைத்து, அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டியிருப்பேன்... என் தரப்புச் சாட்சி அத்தனையையும் கழற்றிப் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் போட்டுவிட்டார்கள்.