அப்பச்சிக்குக் கிடைத்த சுவர்

காரைக்குடி செக்காலையில் நான் கட்டிய வீட்டின் முன்கூடத்துச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒன்றும் மாட்டவில்லை. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, கடிகாரம் வாங்கித் தரட்டுமா என்கிறார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுகிறேன்.

எங்கள் அப்பாவை அப்பச்சி என்போம். கீழச்சிவல்பட்டியில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற பெரிய வீட்டில் அவருக்கு ஒரு பங்கு இருந்தது. பங்கு என்றால் பூட்டுப் போட்ட ஓர் அறை. மற்றதெல்லாம் பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. பிழைப்புக்காக நாங்கள் குடியிருந்ததோ காரைக்குடியில், வாடகைக்கு. அம்மா இறந்த பிறகு அவள் படத்தை மாட்ட அப்பச்சி சுத்தியலை எடுத்தார். முதல் அடிக்கே வீட்டுக்காரம்மா வந்து நின்றார். "செவுத்துல ஆணி அடிக்காதீக, காரை பேந்துரும்." அன்று முதல் படம் பீரோ மேல் சாய்ந்தே நின்றது. மின்விசிறி வேகமாகச் சுற்றினால் சரிந்து விழும். அப்பச்சி புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்வார்.

பெரிய வீட்டுப் பொதுக்கூடத்தில் மாட்டலாமென்று கேட்டுப் பார்த்தார். எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். சிங்கப்பூர்ப் பங்காளி மட்டும் பிடி கொடுக்கவில்லை. அங்கே அரசாங்கம் குத்தகைக்குக் கொடுத்த அடுக்குமாடி வீட்டை வாய் நிறையச் சொந்த வீடு என்பவர், இங்கே சொந்தச் சுவரில் ஓர் ஆணிக்கு யோசித்தார். நம் அறைக்குள்ளேயே மாட்டலாமே என்றேன்.

"பூட்டுன அறைக்குள்ள உங்க ஆத்தாளத் தனியா விட்டுட்டு வரச் சொல்றியா?" என்றார் அப்பச்சி.

அக்கா ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். அவளும் வாடகை வீட்டில்தான் இருந்தாள்; அப்பச்சிக்கு அதில் ஏகப்பட்ட குறை. ஒருமுறை அவளைப் பார்க்க நாங்கள் இருவரும் போனோம். அம்மாவின் படத்தையும் வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அங்கே பலர் குடிவரும்போது அடுப்பு, அலமாரி எல்லாம் கொண்டுவந்து பொருத்தி, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவார்களாம். "அடுப்படியவே சீதனமாக் கொண்டு போற ஊரா இருக்கே," என்று கேலி செய்தார்.

மறுநாள் அக்கா படத்தைப் பார்த்ததும் சுவரில் துளை போடும் இயந்திரத்தைத் தூக்கிவந்தாள். அப்பச்சி பதறி அவள் கையைப் பிடித்தார். "வீட்டுக்காரவுக கேட்டா என்ன செய்வ?"

"கேக்க மாட்டாக அப்பச்சி. காலி பண்ணும்போது ஓட்டைய அடைச்சுக் குடுத்தாப் போதும். இருக்கிற வரைக்கும் நம்ம வீடுதான்."

படம் ஏறியது. அப்பச்சி அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஊர் திரும்பும் நாளில் நான் படத்தைக் கழற்றப் போனேன். "இருக்கட்டும்ப்பா. இங்க யாரும் எறக்கச் சொல்ல மாட்டாக," என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படத்துக்காகத்தான் நான் செக்காலையில் கடன் வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தேன். சுவர் எழும்பியதும் நான் அடித்திருந்த முதல் ஆணியும் அதற்குத்தான்.

வீடு முடியுமுன் அப்பச்சி போய்விட்டார். அவர் படத்தை மாட்டும்போது பக்கத்தில் அம்மாவும் இருக்க வேண்டும் என்று நினைத்து, படத்தை அனுப்பச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். "அனுப்புறேன். சொந்த வீடு உனக்குத்தான இருக்கு," என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.

நான் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அப்பச்சியின் படத்தை வேட்டியில் சுற்றி அவளுக்கு அனுப்பினேன். அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு துளை போட்டாள்.

என் ஆணி சும்மா இருக்கிறது. சொந்த வீட்டில் நான் இருக்கிறேன். அப்பச்சியும் அம்மாவும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.